திரவ நைட்ரஜனுக்கு மேலே நிற்கும் குளிர்

திரவ நைட்ரஜன் ஊற்றிய கிண்ணத்தின் மேல் குளிர்ந்த வாயு ஒரு படலமாகத் தேங்கி நிற்கும். புரதப் படிகங்களை ஆராய்பவர்கள் அதை வெகுகாலம் பெரிதாக எண்ணவில்லை. படிகம் குளிர்வது திரவத்துக்குள் விழுந்த பிறகுதான் என்று நினைத்திருந்தார்கள்.

ஒரு புரதத்தின் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டறிய, அதைப் படிகமாக வளர்த்து எக்ஸ் கதிரைப் பாய்ச்ச வேண்டும். அந்தக் கதிரே படிகத்தைச் சிதைத்தும்விடும். மைனஸ் 173 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்தால் படிகம் பல மடங்கு தாக்குப்பிடிக்கும். 1980களின் இறுதியில் ஆய்வாளர்கள் ஹாக்கன் ஹோப்பும் அடா யோனத்தும், செல்லுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் படிகங்களை இப்படிக் குளிரவைத்துக் காட்டியபோதுதான், கைக்கு எட்டாதிருந்த பெரிய மூலக்கூறுகளின் கதவு திறந்தது. 2009இல் யோனத்துடன் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் ரைபோசோம் ஆய்வுக்கும் இந்தக் குளிரே துணை.

ஆனால் புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது பனிக்கட்டியானால், ஃபிரீசரில் வைத்த கண்ணாடி பாட்டில் விரிசல் விடுவதுபோல, உள்ளிருக்கும் ஒழுங்கு குலைந்துவிடும். தண்ணீர் பனியாக அடுக்கிக்கொள்ள அவகாசமே தராமல், கண்ணாடி போன்ற நிலையில் உறையவைக்க வேண்டும். அதற்காகக் கிளிசரால் போன்ற பொருளைச் சேர்ப்பார்கள். அதன் அளவு கூடினால் சில படிகங்கள் அதனாலேயே கெட்டுப்போகும்.

இந்த வேலை முழுவதும் மனிதக் கையில்தான் இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபடி, முடியைவிட மெல்லிய நைலான் வளையத்தால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத படிகத்தைத் துளியிலிருந்து அள்ள வேண்டும். காற்றில் உலர்ந்துபோகும் முன் நைட்ரஜனில் முக்க வேண்டும். ஒருவர் கை வேகமாக இறங்கும், இன்னொருவர் கை தயங்கும். கிண்ணத்தில் நைட்ரஜன் ஆவியாகி மட்டம் இறங்க இறங்க, மேலே நிற்கும் குளிர்வாயுவின் தடிமன் கூடிக்கொண்டே போகும். எனவே காலையில் முக்கியெடுத்த படிகமும் மாலையில் முக்கியெடுத்த படிகமும் ஒரே விதமாகக் குளிர்ந்தவை அல்ல. ஒரு படிகம் மோசமான படம் தந்தால், அது வளரும்போதே மோசமானதா, நாம் கெடுத்துவிட்டோமா என்று சொல்ல வழியே இல்லை. ஆறு மாதம் பாடுபட்டு வளர்த்த படிகத்தைப் பற்றி இப்படிப்பட்ட சந்தேகம் எஞ்சுவது கொடுமை.

2006இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் தோர்ன் குழுவினர் அந்த வாயுப் படலத்தை அளந்து பார்த்தார்கள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கை இறங்கினால், 2 சென்டிமீட்டர் படலத்தைக் கடக்க 20 மில்லிநொடி ஆகும். சின்னஞ்சிறு படிகம் திரவத்தைத் தொடும் முன்பே, அந்த மந்தமான வாயுவிலேயே பெருமளவு குளிர்ந்துவிடுகிறது. படலத்தை அகற்றிவிட்டு முக்கியபோது, சிறிய மாதிரிகள் நொடிக்கு 15,000 டிகிரி வேகத்தில் குளிர்ந்தன. புரதம் இல்லாத கரைசல்களில் பனி உருவாகாமலிருக்கத் தேவைப்பட்ட கிளிசரால் 28 சதவீதத்திலிருந்து 6 சதவீதம் வரை குறைந்தது. மிகப் பெரிய வித்தியாசம் இது.

படலத்தை அகற்றுவது, ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் இறக்குவது, திரவ மட்டத்தை மாறாமல் வைப்பது எல்லாம் இயந்திரத்துக்குச் சுலபம், கைக்கு அசாத்தியம். அதனால்தான் இந்தத் தானியக்கத்தை நேரம் மிச்சம் என்ற கணக்கில் மட்டும் பார்க்கக் கூடாது என்கிறேன். நூறு படிகங்களுக்கும் ஒரே வரலாறு இருக்கும்போதுதான் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

ஒப்பிடும் தேவை எவ்வளவு பெரிதென்று 2020இல் தெரிந்தது. இங்கிலாந்தில் எக்ஸ் கதிர் தரும் டயமண்ட் சிங்க்ரோட்ரான் கூடத்தில், கொரோனா கிருமியின் முக்கியமான ஒரு நொதியின் படிகங்களில் 1,250க்கும் மேற்பட்ட சிறு வேதித் துணுக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒலியலையால் தெறிக்கவைக்கப்படும் நுண்துளிகளாக அவை படிகத்துளியில் சேர்க்கப்படுகின்றன. உறைந்த படிகங்களைக் கதிர்ப்பாதையில் எடுத்து வைப்பது ரோபோ. 74 துணுக்குகள் நொதியில் பயனுள்ள விதத்தில் ஒட்டியிருந்தன. மருந்து தேடிய யாரும் எடுத்துக்கொள்ளும்படி அந்தத் தரவுகளைப் பொதுவில் வைத்தார்கள்.

அங்கேயும் படிகத்தை அள்ளுவது மனிதர்தான். மோட்டார் பொருத்திய மேடை, படிகங்கள் வளர்ந்த தட்டின் அடுத்த குழியைச் சரியாக நுண்ணோக்கியின் கீழ் கொண்டுவந்து நிறுத்தும், வளையத்தை இறக்குவது ஆளின் கை. பிரான்ஸில் கிரெனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் அதையும் மாற்றிவிட்டது. அங்கே படிகங்களை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேலேயே வளர்க்கிறார்கள். லேசர் படிகத்தைச் சுற்றிப் படலத்தை வெட்டுகிறது. வெட்டிய துண்டோடு ஊசி ஒட்டிக்கொள்கிறது. அப்படியே குளிர் வாயுத்தாரையில் காட்டி உறையவைக்கிறார்கள். படிகத்தை எந்தக் கருவியும் தொடுவதில்லை.