பேரரசரின் குறிப்பேடு

வைகறையில் படுக்கையை விட்டு எழுவது பலர்க்கும் துன்பமாகவே இருக்கிறது. குளிர்காலமாயின் சொல்ல வேண்டுவதில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் சிறிது நேரம் கிடக்கலாமே என்று மனம் கெஞ்சும். பாடம் படிக்க வேண்டிய சிறுவனுக்கும், வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்ல வேண்டிய உழவனுக்கும் இவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆனால், பிரிட்டன் தீவு முதல் எகிப்து நாடு வரையில் பரந்து கிடந்த நிலப்பரப்பை ஒரு குடைக்கீழ் ஆண்ட பேரரசர் ஒருவர்க்கும் இதே எண்ணம் எழுந்தது என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ? அவர் தம் சோம்பலைத் தாமே கடிந்துகொண்டு எழுதிய குறிப்பு இன்றும் நமக்குக் கிடைக்கிறது. சிட்டுக்குருவியும் எறும்பும் சிலந்தியும் தேனீயும் தத்தம் தொழிலைத் தவறாது செய்துகொண்டிருக்க, மனிதனாகப் பிறந்தவன் மட்டும் தன் தொழிலைச் செய்யத் தயங்குவதா என்பது அக்குறிப்பின் கருத்தாகும்.

அப்பேரரசரின் பெயர் மார்க்கஸ் அரேலியஸ். கி.பி. 121 ஆம் ஆண்டில் உரோமாபுரியில் பிறந்தவர். 161 முதல் 180 வரை பத்தொன்பது ஆண்டுகள் உரோமப் பேரரசை ஆண்டவர். சிறு பருவத்திலேயே தந்தையை இழந்த அவரைப் பாட்டனார் வளர்த்தார். பன்னிரண்டு வயதளவில் அவர் தத்துவ அறிஞரைப் போலத் தாமும் முரட்டுத் துணி போர்த்து, வெறுந்தரையில் படுத்து உறங்கத் தொடங்கினாராம். அன்னையார் பெரிதும் வற்புறுத்திய பின்னரே தோல் விரித்த கட்டிலில் படுக்க இசைந்தார் என்று பழைய வரலாற்று நூல் ஒன்று கூறுகிறது. பிள்ளைகள் பெரியோரைப் பார்த்து அவரைப் போல நடந்து பார்ப்பது எந்நாட்டிலும் உள்ளதே. ஆயினும், இப்பிள்ளையிடத்தில் அது விளையாட்டாக முடிந்துவிடவில்லை.

அவருடைய ஆசிரியர்களுள் ருஸ்டிகஸ் என்பவர் ஒருவர். அவர் தம் வீட்டு நூல்களுள் ஒன்றை எடுத்து மாணவர்க்குக் கொடுத்தார். எபிக்டீட்டஸ் என்னும் அறிஞரின் அறிவுரைகள் அதில் அடங்கியிருந்தன. எபிக்டீட்டஸ் அரச குலத்தில் தோன்றியவர் அல்லர். உயர்குடியிற் பிறந்தவரும் அல்லர். அவர் அடிமையாக வாழ்ந்தவர், கால் ஊனமுற்றவர். பிற்காலத்தில் விடுதலை பெற்று, கிரேக்க நாட்டில் நிக்கோபோலிஸ் என்னும் ஊரில் பள்ளி நடத்தினார். அடிமை ஒருவரின் சொற்களை அரசராக வேண்டியவர் தம் வாழ்நாள் முழுவதும் நெஞ்சிற் கொண்டு போற்றினார். வரலாற்றில் இத்தகைய ஆசிரியரையும் மாணவரையும் காண்பது அரிது.

எபிக்டீட்டஸ் சார்ந்திருந்தது ஸ்டோயிக் என்னும் நெறியாகும். அது ஏதென்ஸ் நகரில் ஓவியம் தீட்டிய மண்டபம் ஒன்றில் பிறந்தது. அந்நெறி கற்பித்த பாடங்களுள் முதன்மையானது ஒன்று உண்டு. உலகில் உள்ளவற்றை இரு கூறாகப் பிரிக்கலாம். நம் கைக்கு அடங்குவன சில, அடங்காதன பல. மழையும் வெயிலும், நோயும் மூப்பும், பிறர் நாவில் எழும் சொற்களும் நம் கைக்கு அடங்கா. அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணமும், அவற்றின் நடுவே நாம் செய்யும் செயலும் நம் கைக்கு அடங்குவன. வகுப்பில் ஒரு மாணவனை மற்றொருவன் இகழ்ந்து பேசிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அச்சொல் ஒரு நொடியில் காற்றோடு போயிற்று. வீடு திரும்பிய பின்னும், உணவு உண்ணும்போதும், படுக்கையிலும் அதனைத் திரும்பத் திரும்ப நினைந்து வருந்துகிறானே, அவ்வருத்தத்தை உண்டாக்குபவன் யார்? இகழ்ந்தவன் அந்நேரம் தன் வீட்டில் நன்றாக உறங்கிக்கொண்டிருப்பான். இந்த உண்மையைத்தான் அந்நெறியினர் விளக்கினர்.

சொல்வதற்கு இது எளிது. மார்க்கஸ் அரேலியஸ் இதனைக் கைக்கொள்ள வேண்டியிருந்த காலமோ எளிதன்று. அவர் அரியணை ஏறிய சிறிது காலத்திலேயே டைபர் ஆறு பெருக்கெடுத்து உரோமாபுரிக்குப் பெருஞ்சேதம் விளைத்தது, பஞ்சம் தொடர்ந்தது. கிழக்கே பார்த்திய நாட்டோடு போர் மூண்டது. போரில் வெற்றி கிட்டியது. ஆனால், திரும்பி வந்த படையினர் கொடிய கொள்ளைநோய் ஒன்றையும் கொண்டுவந்தனர். அந்நோய் ஆண்டுக்கணக்கில் பேரரசு முழுவதும் பரவி மக்களை மாய்த்தது. அது அடங்குமுன் வடக்கே டானியூப் ஆற்றைக் கடந்து ஜெர்மானியக் குடியினர் படையெடுத்தனர். பேரரசரின் இல்லத்திலும் துன்பத்திற்குக் குறைவில்லை. அவருக்குப் பிறந்த மக்கள் பதின்மூவர்க்குக் குறையாதவர். அவருள் பெரும்பாலோர் இளமையிலேயே இறந்தனர். சிறு மைந்தன் ஒருவனை 169 ஆம் ஆண்டில் புதைத்துவிட்டு, சில நாளிலேயே அவர் மீண்டும் அரசாங்க அலுவல்களைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

உடலும் வலிமை உடையதன்று. மார்பு நோயும் வயிற்று நோயும் அவரை வருத்தின. குளிர் அவருக்கு ஆகாது. காலென் என்னும் புகழ்பெற்ற மருத்துவர் அவருக்குக் கூட்டுமருந்து ஒன்று செய்து கொடுத்தார். அம்மருந்தில் சேர்ந்த பல சரக்குகளுள் மிளகும் ஒன்று. அக்காலத்தில் யவனர் மரக்கலங்கள் சேரநாட்டு முசிறித் துறைக்கு வந்து மிளகு ஏற்றிச் சென்றதைத் தமிழ் மாணவர் அறிவர்.

இத்தகைய உடலோடு அவர் தம் வாழ்வின் இறுதிப் பத்தாண்டுகளிற் பெரும்பகுதியை டானியூப் எல்லைப் பாசறைகளிற் கழித்தார். அங்கேதான் தம் குறிப்பேட்டின் பகுதிகளை எழுதினார். ஒரு பகுதியில் கார்நண்டம் என்னும் பாசறையின் பெயர் காணப்படுகிறது. அவ்விடம் இன்றைய ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்குக் கிழக்கே உள்ளது. மற்றொரு பகுதியில் குவாடி என்னும் பகைக்குடியினரின் நாட்டில் ஓடும் ஆறு ஒன்றின் பெயர் காணப்படுகிறது. பகலெல்லாம் படைத்தலைவரோடு பேச்சும், வழக்குத் தீர்ப்பும், தூதுவரைக் காண்பதுமாகக் கழிந்திருக்கும். கிடைத்த ஓய்வில் பேரரசர் எழுதுகோலை எடுத்தார். அவர் எழுதியது போரின் வரலாறு அன்று. வெற்றியைப் பற்றிய புகழுரையும் அன்று. தம் மனத்தோடு தாம் நடத்திய வழக்கையே எழுதினார். தாய்மொழியாகிய இலத்தீனில் எழுதாமல், தத்துவ நூல்கள் பயின்ற கிரேக்க மொழியில் எழுதினார்.

அந்நூலின் முதற்பகுதி பிற பகுதிகளைப் போன்றதன்று. அது நன்றிப் பட்டியல். பாட்டனாரிடம் கற்றது இது, அன்னையாரிடம் கண்டது இது, இந்த ஆசிரியரால் பெற்றது இது என்று ஒவ்வொருவராக நினைந்து எழுதுகிறார். நாடு எரியும்போது, மக்கள் நோயால் மடியும்போது, இழந்தவற்றை எண்ணத் தொடங்கினால் அவ்வெண்ணிக்கைக்கு முடிவே இராது. அவரோ பெற்றவற்றை எண்ணினார். அவ்வாறு எண்ணியதால் இழப்புகள் இல்லாமற் போய்விடவில்லை. ஆனால், இழப்பு ஒன்றே வாழ்வு என்னும் பொய்க் கணக்கை அவர் மனம் ஏற்க மறுத்தது.

இரண்டாம் பகுதியின் தொடக்கம் படிப்போரைத் திகைக்கச் செய்யும். காலையில் எழுந்ததும் அவர் தமக்குத் தாமே கூறிக்கொள்வது நல்வாழ்த்து அன்று. தலையிடுவோர், நன்றி மறந்தோர், செருக்குடையோர், வஞ்சகர், பொறாமைக்காரர் ஆகியோரை அன்று காண நேரும் என்று தம்மை எச்சரிக்கிறார். நாளை இவ்வாறு தொடங்குவது நம்பிக்கை இன்மை அன்றோ என்று கேட்கத் தோன்றும். அன்று. குடையோடு புறப்படுபவன் மழையை விரும்புபவன் அல்லன். மழையில் நனைந்து சினங்கொள்ள விரும்பாதவன். எவரும் தம்மிடம் இனிமையாகவே நடந்துகொள்வர் என்று எதிர்பார்த்து வெளியே செல்பவன் முதல் முட்டிலேயே மனம் முறிந்து திரும்புவான். மேலும், அக்குறிப்பு எச்சரிக்கையோடு நின்றுவிடவில்லை. அத்தகையோரும் தம் உறவினரே என்றும், கையும் கையும் போல, மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் போல ஒன்றற்கொன்று உதவவே மனிதர் பிறந்துள்ளனர் என்றும் முடிகிறது. பிறர் குற்றத்தைக் காணும் கண்ணும், அதன் பொருட்டு அவரை வெறாத நெஞ்சும் ஒருங்கே அமைய வேண்டும் என்பது அவர் கருத்து.

அவர் காணும் ஆற்றலுக்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு. அடுப்பில் வேகும் ரொட்டியின் மேற்புறம் ஆங்காங்கே வெடிக்கும். அவ்வெடிப்பு ரொட்டி சுடுபவன் கருதிச் செய்ததன்று. சொல்லப்போனால் அது ஒரு குறையே. ஆயினும், அவ்வெடிப்பே கண்ணுக்கு அழகாகி உண்ணும் ஆவலைத் தூண்டுகிறது. நன்றாகப் பழுத்த அத்திப்பழம் பிளந்து நிற்பதும், விளைந்த கதிர் தலைசாய்ந்து கிடப்பதும் அவ்வாறே என்று எழுதுகிறார். பாசறையில் தமக்கு முன் வைத்த ரொட்டியைப் பார்த்தே இதனை எழுதினாரோ என்னவோ! உலகை ஆளும் ஒருவர் ரொட்டியின் வெடிப்பை நின்று நோக்குகிறார். முதியவர் முகத்தின் சுருக்கத்திலும் அழகு உண்டு என்கிறார். நல்ல மனப்பான்மை என்பது கண்ணை மூடிக்கொண்டு எல்லாம் நலமே என்று சொல்வதன்று. பிறர் காணாது விடுவதையும் கூர்ந்து காண்பது என்பது இப்பகுதியால் விளங்குகிறது.

இந்நூலைத் தொடர்ந்து படிப்போர் ஒன்றைக் கவனிப்பர். ஒரே கருத்துத் திரும்பத் திரும்ப வருகிறது. சினங்கொள்ளாதே என்று ஓரிடத்தில் எழுதியவர் வேறு பல இடங்களிலும் அதனையே எழுதுகிறார். புகழை நாடாதே என்பது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது கடினம். பிறர்க்கு உபதேசம் செய்ய எழுதிய நூலாயின் இது குற்றமாகும். ஆனால், அவர் எழுதியது தமக்காக. முதல் நாள் எழுதியது மறுநாள் மறந்துபோயிற்று. சினம் மீண்டும் வந்தது. எனவே மீண்டும் எழுதினார். மனவமைதி சிலர்க்கு இயற்கையாக அமைந்த வரம் என்று பலர் கருதுகின்றனர். இப்பேரரசர்க்கு அது அவ்வாறு அமையவில்லை. நாள்தோறும் வீட்டைப் பெருக்குவதுபோல, நாள்தோறும் அவர் தம் மனத்தைப் பெருக்க வேண்டியிருந்தது. நேற்றுப் பெருக்கியதால் இன்று தூசி படியாமல் இருப்பதில்லை.

எழுதியவை ஏட்டளவில் நின்றனவா என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று 175 ஆம் ஆண்டில் நடந்தது. பேரரசர் இறந்துவிட்டார் என்னும் பொய்ச்செய்தி பரவியபோது, கிழக்கு நாடுகளில் ஆட்சி செலுத்திய அவிடியஸ் காசியஸ் என்னும் படைத்தலைவன் தன்னையே பேரரசனாக அறிவித்துக்கொண்டான். மூன்று திங்களில் அவனுடைய வீரர்களே அவனைக் கொன்று, தலையை வெட்டி மார்க்கஸ் அரேலியஸுக்கு அனுப்பினர். அவர் அத்தலையைப் பார்க்க மறுத்துவிட்டார். முறைப்படி புதைக்குமாறு பணித்தார். அவனோடு சேர்ந்தோர் பலரையும் மன்னித்தார். போர்ச் செலவுக்குப் பொருள் இல்லாத வேளையில் மாகாண மக்கள்மேல் புதுவரி விதியாமல், அரண்மனைப் பொற்கலங்களையும் பட்டாடைகளையும் கடைவீதிப் பொருள்போல ஏலத்தில் விற்றார் என்றும் கூறுவர்.

ஆயினும், அவரைக் குறையற்றவராகக் காட்டுவது உண்மையாகாது. அடிமையின் நூலைப் போற்றியவர் அடிமை முறையை ஒழிக்கவில்லை. அவர் ஆட்சியில், 177 ஆம் ஆண்டில், இன்றைய பிரான்சு நாட்டின் லியோன் நகரில் கிறித்தவர் பலர் கொடுமைக்கு உள்ளாகி மாண்டனர். தம் மகன் கொமோடஸை அரியணைக்கு உரியவனாக்கினார். அவன் ஆட்சி கொடுங்கோலாக முடிந்தது. மாற்ற இயலாததைப் பொறுத்துக்கொள்வது ஒன்று. மாற்ற வேண்டியதை மாற்றாது விட்டுவிடுவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு அவருக்கும் எப்போதும் தெளிவாகப் புலப்படவில்லை போலும்.

180 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் எல்லைப்புறத்திலேயே உயிர் நீத்தார். குறிப்பேட்டுக்கு அவர் பெயர் எதுவும் இட்டதாகத் தெரியவில்லை. தன்னை நோக்கி எழுதியவை என்னும் பொருள் தரும் தலைப்பு ஒன்று பிற்காலத்தில் வழங்கியது. பல நூற்றாண்டுகள் அதனை அறிந்தவர் மிகச் சிலரே. சுமார் 900 ஆம் ஆண்டளவில் அரேதாஸ் என்னும் பேராயர் தம்மிடம் இருந்த சிதைந்த பழம்படியைப் படியெடுக்கச் செய்து காத்தார். 1559 இல் அது சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதன்முதலாக அச்சாயிற்று. பின்னர் உலக மொழிகள் பலவற்றிலும் பெயர்க்கப்பட்டது. தமிழில் இராஜாஜி அதன் கருத்துகளை 'ஆத்ம சிந்தனை' என்னும் பெயரால் தந்தார். சூரிக் நகரில் அச்சுக்கு மூலமாக இருந்த கைப்பிரதி இன்று இல்லை. அச்சு வேலை முடிந்த பின்னர் அது எங்கோ தொலைந்துபோயிற்று.