தோட்டத்துக்கும் ஊருக்கும் நடுவே

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ-9 வீதியில் அக்குறணையை அடுத்து வரும் அலவத்துகொட வட்டாரம், சிங்களக் கிராமங்களும் முஸ்லிம் வணிகர் குடியிருப்புகளும் தோட்டத் தமிழரின் வாழ்விடங்களும் அருகருகே அமைந்த கண்டி மாவட்டத்தின் ஒரு பகுதியாகும். ஆனால் அருகருகே வாழ்வது மட்டும் போதாது; ஒதுக்கப்பட்ட மக்களைச் சம உரிமையுள்ள உறுப்பினராக ஏற்றுக்கொள்வதே சமூக உள்வாங்கல் எனப்படுகிறது. ஒருவருக்கு வேலை கிடைத்துவிட்டால் அந்த உள்வாங்கல் தானாகவே கைகூடும் என்ற நம்பிக்கையை இம்மாவட்டத்தின் வரலாறு பொய்யாக்குகிறது.

1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் இம்மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது முதல், மலையகத் தமிழருக்குத் தோட்டங்களில் பெரும்பாலும் வேலை இருந்தது; ஆயினும் வரிசைவீடான லயன் அறை, மருந்தகம், குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவம், பள்ளிக்கூடம் ஆகிய அனைத்தும் நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தமையால், வேலையே அவர்களை ஊரிலிருந்து பிரிக்கும் வேலியாயிற்று. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் பதிந்து மலைக்கேறும் பெண், மாலையில் கொழுந்தை நிறுக்கும்போது குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேரே, அதாவது பாதி நாட்கூலியே, பெறுகிறாள்; அவளுடைய உழைப்பை அளக்கும் தராசும் அவள் குடியிருக்கும் கூரையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கையில், கூலியைப் பற்றிக் கேள்வி கேட்பதும் எளிதன்று.

வேலையோடு சட்டமும் வேலியாயிற்று: 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவராக்கியது. அக்குறை பெருமளவு தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமாகும். வீதி, குடிநீர், வடிகால் போன்ற அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் உள்ளூராட்சி அமைப்பே பிரதேச சபை. தோட்ட மக்கள் அதற்கு வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்தபோதும், அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல் செய்யப்பட்ட திருத்தமே அக்கதவைத் திறந்தது. வாக்கைப் பெற்றுக்கொண்டு பாதையை மறுத்த இம்முறை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது பெரும் அநீதியாகும்.

கூட்டுமுயற்சியின் தேவை இங்கேதான் எழுகிறது. சமாதானமான இன உறவுக்காக அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியில் 1972இல் நிறுவிய சத்யோதய நிலையம், தோட்டத்து மக்களையும் கிராமத்து மக்களையும் ஒன்றாக அமரச் செய்ய முயன்றது. அரசும் தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்தும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் 1992 முதல் வீடமைப்பிலும் சுகாதாரத்திலும் பணியாற்றுகிறது. இந்திய உதவியுடன் தோட்டங்களில் கட்டப்படும் வீடுகளுக்கு, குடும்பமொன்றுக்கெனக் காணி ஒதுக்கப்படுகிறது. பயனாளிகளே கட்டுமானத்தை மேற்கொள்ளும் இத்திட்டத்தில் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்குண்டு. ஆயினும் சங்கத்தின் கணக்கைத் தொழிலாளரே பார்த்து, அதன் முடிவுகளைத் தாமே எடுக்கும் அளவுக்கே அது கூட்டுமுயற்சி ஆகும். அன்றேல் பழைய நிர்வாகமே புதிய பெயரில் தொடரும்.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவாக உயர்ந்தபின்னரும் இளைஞர் கொழும்பின் கடைகளையும் ஆடைத் தொழிற்சாலைகளையும் நாடுவது, கூலியின் அளவு மட்டும் அவர்களின் குறை அன்று என்பதைக் காட்டுகிறது. நாட்கூலி முறைக்கு மாற்றாக, தேயிலைச் செடிகளின் ஒரு பகுதியைக் குடும்பங்களிடம் பராமரிக்க ஒப்படைத்து, பறித்த கொழுந்துக்கு விலை கொடுக்கும் வெளிப்பயிர்ச்செய்கை முறை சில தோட்டங்களில் நடைமுறைக்கு வந்துள்ளது. அம்முறையின் ஒப்பந்தம் தொழிலாளருக்கு விளங்கும் தமிழில் எழுதப்பட வேண்டும். அவர்கள் பராமரிக்கும் நிலத்தின்மீது சட்டப்படியான உரிமையையும் அது அவர்களுக்கு அளிக்க வேண்டும்.