சாக்லேட் தீர்ந்த பிறகு



"இதை முடிச்சா என்ன தருவீங்க?" நம் ஆசிரியர்களின் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. இப்படிக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்கியது யார்? முதல் மதிப்பெண் எடுத்தால் சைக்கிள், வீட்டுப்பாடம் முடித்தால் கைப்பேசி என்று பேரத்தைத் தொடங்கியவர்கள் நாம்தானே!

நாங்களும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறோம். ஒரு கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கென வாசிப்பு நேரம் ஒன்றைத் தொடங்கினோம். ஒரு புத்தகம் படித்தால் ஒரு சாக்லேட். முதல் வாரம் நல்ல கூட்டம். இரண்டாம் வாரம் எல்லாரும் பக்கம் குறைந்த புத்தகங்களாகத் தேடி எடுத்தார்கள். என்ன படித்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. சாக்லேட் தீர்ந்ததும் நான்கு பேர்தான் வந்தார்கள். பிள்ளைகள்மீது குற்றமில்லை. புத்தகம் என்பது சாக்லேட்டுக்காகச் செய்யும் கூலி வேலை என்று நாங்கள்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்னும் மூன்று உளவியலாளர்கள் 1973-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு, வரைந்து முடித்தபின் எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் தரவில்லை. சில நாள்கள் கழித்து, விளையாட்டு நேரத்தில் வண்ணப் பேனாக்களை அங்கே வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள், மற்றவர்களைவிட ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை. அப்படியானால் கெடுத்தது பரிசன்று. முன்கூட்டியே பேசிய பேரமே.

உரோமை நகரின் ஏழைப் பகுதியொன்றில் 1907-இல் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியவர் மரியா மாண்டிசோரி. அங்கே தாம் கண்ட ஒரு காட்சியை அவர் எழுதி வைத்திருக்கிறார். நன்றாக நடந்துகொண்டதற்காகப் பதக்கம் பெற்ற ஒரு சிறுவன், பொருள்களை எடுத்து வைப்பதும் கொண்டு போவதுமாக இருந்தான். பதக்கம் கீழே விழுந்தது. தண்டனையாகத் தனியே உட்கார வைக்கப்பட்டிருந்த இன்னொரு சிறுவன் அதை எடுத்துக் காட்டினான். வேலையில் மூழ்கியிருந்தவனோ அதைப் பொருட்படுத்தவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தவன் அதை அணிந்துகொண்டு மகிழ்ந்தான்! கைக்குப் பிடித்த வேலை கிடைத்தவனுக்குப் பதக்கம் தேவைப்படவில்லை.

அப்படியானால் வகுப்பில் என்ன செய்யலாம்? முதலாவது, தேர்ந்தெடுக்க விடுவோம். பத்துக் கணக்குகளில் எந்த ஆறைச் செய்வது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும். இரண்டாவது, வேலையைப் பார்த்துப் பேசுவோம். 'நீ கெட்டிக்காரன்' என்பதும் ஒரு பரிசுதான். 'நேற்றுத் தப்பிய இடத்தை இன்று நீயே கண்டுபிடித்துவிட்டாயே' என்றால், தன் முயற்சிக்குப் பலன் உண்டு என்று பிள்ளை அறிந்துகொள்கிறது. மூன்றாவது, எட்டும் உயரத்தில் பாடத்தை வைப்போம். மிக எளிதானது சலிப்பைத் தரும். மிகக் கடினமானது பயத்தைத் தரும்.

பரிசே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூவருக்குப் பரிசு கொடுக்கும்போது, மற்ற முப்பத்தேழு பேரின் முகத்தையும் சற்றுப் பார்ப்போம். 'இது எனக்கில்லை' என்று ஒரு பிள்ளை எட்டு வயதிலேயே முடிவு செய்துவிட்டால், அதை மாற்ற எந்தப் பதக்கத்தாலும் இயலாது.

சாக்லேட் தீர்ந்த அன்று வந்த அந்த நால்வரில் ஒரு சிறுமி, பாம்புகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை மடியில் வைத்திருந்தாள். நேரம் முடிந்தும் எழவில்லை. "இன்னும் ரெண்டு பக்கம், ஃபாதர்" என்றாள். அன்று எங்களிடம் அவளுக்குக் கொடுக்க ஒன்றுமே இல்லை. அவள் எதையும் கேட்கவும் இல்லை.