‘கேன்’ என்ற சின்னச் சொல்லின் பெரிய வேலை

“தவுக்கே, சீப்பர், கேன் ஆர் நாட்?”

“கேன் லா!”

பண்டமாரான் சந்தையில் ‘தவுக்கே’யிடம், அதாவது கடை முதலாளியிடம், மீனுக்கு விலை பேசி முடிக்க இவ்வளவு ஆங்கிலம் போதும். யார் குறைப்பது, எதைக் குறைப்பது என்று எதுவும் சொல்லப்படவில்லை. எழுவாய் இல்லை, முதன்மை வினையும் இல்லை. லண்டனில் இருப்பவர் இதே பதிலுக்கு ‘யெஸ், ஐ கேன்’ என்று எழுவாயைச் சேர்த்தாக வேண்டும். இங்கே ‘கேன்’ தனியாகவே நின்று முழு வாக்கியமாகிவிடுகிறது. பள்ளித் தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால் இதைச் சிதைந்த ஆங்கிலம் என்று ஒதுக்கிவிட்டால், அதற்குள் இருக்கும் அழகான ஒழுங்கைக் காணத் தவறிவிடுவோம்.

அந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதை ஊரின் வரலாறு சொல்கிறது. பண்டமாரான் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊர். 1901இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகம் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே அழைக்கப்பட்டது. தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் பலர் மலாயா மண்ணில் முதலில் கால் வைத்த இடம் அது. கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் லட்சக்கணக்கான சீனர்களைப் புதுக்கிராமங்களில் குடியமர்த்தியது. பண்டமாரானும் அப்படி ஒரு புதுக்கிராமம். மலாய், சீனர்களின் ஹொக்கியன், தமிழ் மூன்றும் இங்கே ஒரே தெருவில் புழங்குகின்றன.

இந்த மூன்றிலும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மலாயில் ‘போலே தக்?’ ஹொக்கியனில் ‘எ சாய் போ?’ தமிழில் ‘முடியுமா, முடியாதா?’ மூன்றுக்கும் எழுவாய் தேவையில்லை. கேள்வியிலேயே மறுப்பும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பதிலுக்கு ‘போலே’ என்றோ ‘முடியும்’ என்றோ ஒரு சொல் போதும். ஒன்றுக்கொன்று உறவில்லாத மூன்று மொழிக் குடும்பங்கள் ஒரே வடிவத்தில் பேச, ஆங்கிலத்தின் ‘கேன்’ அந்த வடிவத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. கூடவே இன்னொரு சீன மொழியான கான்டனீஸ் தந்த ‘மெ’ என்ற ஒட்டு. ‘கேன் லா’ என்றால் ‘தாராளமாக முடியும்’, ‘கேன் மெ?’ என்றால் ‘நெசமாவே முடியுமா?’ என்ற சந்தேகம்.

சரி, ‘கேன்’ எப்படிப்பட்ட சொல்? கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்ற ஒன்பதும் ஆற்றல், அனுமதி, கடமை போன்றவற்றைச் சொல்லும் ஆங்கிலத்தின் முக்கியத் துணைவினைகள். ‘ஹீ கோஸ்’ என்பதில் வினையின் இறுதியில் வரும் ‘ஸ்’ ஒலி ‘ஹீ கேன்’ என்பதில் வருவதில்லை. மாணவர்கள் இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள். காரணம் சுவையானது. கேன், மே, ஷல், மஸ்ட் ஆகியவற்றின் மூதாதை வடிவங்கள் ஒரு காலத்தில் இறந்தகால வினைகளாக இருந்தவை. ‘அறிந்துகொண்டேன்’ என்றால் ‘இப்போது எனக்குத் தெரியும்’ என்றுதானே பொருள்? அப்படித்தான் அந்த இறந்தகாலம் நிகழ்காலப் பொருளுக்கு நகர்ந்தது. இறந்தகாலத்தில் ‘ஸ்’ ஒலி சேர்வதில்லை. அந்தப் பழைய தழும்பு இன்றும் மறையவில்லை.

‘கேன்’ என்பதன் முதற்பொருள் அறிதல். வடமொழி வழியாக நமக்கு வந்த ‘ஞானம்’ அதே வேரில் பிறந்த சொல். ‘மே’ வலிமையைக் குறித்தது, ‘ஷல்’ கடன்பட்டிருப்பதை, ‘வில்’ விருப்பத்தை. இன்று கட்டாயத்தைச் சொல்லும் ‘மஸ்ட்’ அன்று அனுமதியைச் சொன்னது!

தமிழும் இதே வழியில்தான் நடந்தது. ஒரு செயல் நிறைவுறுவது ‘முடிதல்’. அதிலிருந்து ஆற்றலைச் சொல்லும் ‘முடியும்’ வந்தது. வேண்டிக்கொள்வதிலிருந்து கடமையைச் சொல்லும் ‘வேண்டும்’. சேர்வதிலிருந்து ‘கூடும்’. ‘ஆகும்’ சுருங்கி ‘ஆம்’ ஆகி ‘செய்யலாம்’ என்பதன் வாலாயிற்று. பழந்தமிழில் ‘மாட்டேன்’ என்றால் என்னால் இயலாது. இன்று அதன் பொருள், எனக்கு விருப்பமில்லை.

இன்னொரு வியப்பு. ‘நீ உள்ளே வரலாம்’ என்பது அனுமதி. ‘மழை வரலாம்’ என்பது ஊகம். ஆங்கிலத்தின் ‘மே’ இந்த இரண்டு வேலைகளையும் செய்கிறது. ‘யூ மஸ்ட் பி கேர்ஃபுல்’ என்பது கட்டளை. ‘யூ மஸ்ட் பி டயர்ட்’ என்பது, உன் முகத்தைப் பார்த்து நான் எட்டிய முடிவு. ‘அவர் கிள்ளானுக்குப் போயிருக்க வேண்டும்’ என்ற நம் வாக்கியத்திலும் கடமை, ஊகம் இரண்டும் உண்டு. மலாயில் ‘போலே’ ஆற்றலும் அனுமதியும்; ‘போலே ஜாடி’ என்றால் ‘ஒருவேளை’. மொழியியலாளர் ஜோன் பைபியும் அவருடைய இரு தோழர்களும் பல மொழிக் குடும்பங்களை ஒப்பிட்டு 1994இல் வெளியிட்ட நூல் இதில் ஒரு பொதுப்போக்கைக் காட்டியது. உடலும் மனமும் செய்யவல்லதைக் குறித்த சொற்கள் மெல்ல மெல்ல அனுமதிக்கும், நடக்கக்கூடியவற்றுக்கும் விரிகின்றன. கைக்கு எட்டுவதை அளந்த சொல்லாலேயே மனிதர்கள் கண்ணுக்குத் தெரியாத நாளையையும் அளக்கக் கற்றிருக்கிறார்கள்.

மொழிகள் பிரியும் இடங்களில்தான் கவனம் தேவை. ‘மஸ்ட்’ என்றால் ‘வேண்டும்’ என்று படித்த பிள்ளை, ‘மஸ்ட் நாட்’ என்றால் ‘வேண்டியதில்லை’ என்று எண்ணிவிடும். அதன் பொருளோ ‘கூடாது’. ‘வேண்டியதில்லை’ என்பதற்கு ‘நீட் நாட்’ அல்லது ‘டோண்ட் ஹேவ் டு’ வேண்டும். இந்த மருந்தை நிறுத்தக் கூடாது என்பதற்கும், நிறுத்த வேண்டியதில்லை என்பதற்கும் இடையில் ஒரு நோயாளியின் உடல்நலமே இருக்கிறது. பணிவும் அப்படித்தான். நாம் ‘வர முடியுங்களா?’ என்று பன்மை விகுதியால் மரியாதை காட்டுகிறோம். ஆங்கிலத்தில் அந்த விகுதி இல்லை. அம்மொழி ‘கேன் யூ’ என்பதை ‘குட் யூ’ ஆக்கி, இறந்தகால வடிவத்தால் சற்று விலகி நின்று கேட்கிறது. நேர்முகத்தேர்வுக்குப் போகும் இளைஞருக்கு இந்த நுட்பம் தெரிந்திருப்பது நல்லது.

அதனால் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒன்பது சொற்களை வெறும் பட்டியலாகக் கொடுக்க வேண்டாம். முடியும், -லாம், வேண்டும், கூடாது, மாட்டேன் ஆகியவற்றைப் பள்ளியில் காலடி வைக்கும் முன்பே அவர்கள் பிழையில்லாமல் ஆள்கிறார்கள். ‘போலே’யும் ‘கேன் லா’வும் தெருவே கற்றுக்கொடுத்தவை. இவற்றை வகுப்பறைக்குள் அழைத்து, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று அவர்களையே ஒப்பிடச் சொல்லுங்கள். சந்தையில் ‘கேன் லா’ என்றும், அலுவலகத்தில் ‘யெஸ், ஐ குட் டூ தட்’ என்றும் இடமறிந்து பேசும் பிள்ளை இரண்டு ஆங்கிலங்களுக்கு உரியவர். ஒன்றைக் கற்பிக்க மற்றொன்றை இழிவுபடுத்தத் தேவையே இல்லை.