தோட்டக்காரரின் தீர்மானமும் அரசின் கடமையும்

மட்டக்குளியில் ஒரு சிறிய வாடகை வீட்டில் வசிக்கும் முதியவர் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். கடையிலிருந்து வந்தவர் கையிலிருந்த பையைக் காட்டிச் சொன்னார்: "சுவாமி, ஒரு காலத்திலை நான் கொழும்புக்கு லொறியிலை வெங்காயம் அனுப்பினனான். இப்ப அரைக் கிலோ வாங்கக் காசு எண்ணவேண்டியிருக்கு. நான் என்ன பிழை செய்தனான்?"

அவர் பிழை ஏதும் செய்யவில்லை. அவருடைய உழைப்பும் குறையவில்லை. அவரைக் கேளாமல் பிறர் எடுத்த தீர்மானங்களே அவர் வாழ்வை மாற்றின. அவை எவை என்று பார்ப்போம்.

ஏற்றமும் இறக்கமும்

1970 முதல் 1977 வரை ஆட்சி செய்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராதபடியால் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. கல்வீடு கட்டியோரும் நீரிறைக்கும் இயந்திரம் வாங்கியோரும் பலர். ஆனால் அதே காலத்தில் பாணுக்கு நீண்ட வரிசைகள் நின்றன. சில கொத்து அரிசிக்கு மேல் கொண்டு செல்வோர் வழியில் மறிக்கப்பட்டனர். மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். ஒருவருக்கு வாழ்வு தந்த கட்டுப்பாடு இன்னொருவரின் கோப்பையை வெறுமையாக்கியது.

1977இல் வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. கடைகளில் பொருட்கள் நிறைந்தன; வாங்குவோர் மகிழ்ந்தனர். ஆனால் இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் வந்து குவிய, வடக்கின் தோட்டக்காரர் விலையிழந்தனர். வேறு பயிருக்கு மாற அவர்களுக்கு அவகாசமோ உதவியோ போதியளவு கிடைக்கவில்லை.

பின்னர் யுத்தம் வந்தது. 1990 நடுப்பகுதியிலிருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. உரமும் எரிபொருளும் கிடைக்காதபோது, கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் பயிர் வாடியது. மறுபுறம், ஊரைவிட்டு வெளியேற விடுதலைப் புலிகளின் அனுமதி தேவைப்பட்டது. விளைச்சலுக்கும் வியாபாரத்துக்கும் அவர்கள் வரி அறவிட்டனர். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் அவர்களால் வெளியேற்றப்பட்டு, தலைமுறைகளாகச் சேர்த்ததைச் சில நாட்களில் இழந்தனர். ஆயுதம் யார் கையில் இருந்தாலும் உழவனின் தீர்மானம் அவன் கையில் இருக்கவில்லை.

இது தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கு அரசு திடீரெனத் தடை விதித்தபோது, தெற்கின் சிங்கள விவசாயிகளும் வயலில் கைபிசைந்து நின்றனர். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. ஆயினும் பெரும்போக விளைச்சல் வீழ்ந்து, அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது.

செல்வம் என்றால் என்ன?

காசும் காணியும் மட்டும் செல்வமல்ல. எதைப் பயிரிடுவது, எங்கே விற்பது என்று தீர்மானிக்கும் சுதந்திரமும், இன்று நட்டதை நாளை நாமே அறுவடை செய்வோம் என்ற உறுதியும் செல்வமே. 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தனர். சிறுவனாக அதைக் கண்ட பொருளியலறிஞர் அமர்த்தியா சென் பின்னர் ஆராய்ந்து, உணவே இல்லாமற்போனது அதன் முதற்காரணமல்ல, உள்ள உணவைப் பெறும் வல்லமையை ஏழைகள் இழந்ததே காரணம் என்று காட்டினார். 1998இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அபிவிருத்தியை மனிதரின் சுதந்திரத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

அப்படியானால் அரசு விலகி நிற்க வேண்டுமா? இல்லை. வேலியில்லாத தோட்டம் மாட்டுக்குத் தீனியாகும். ஆனால் வேலி போடுபவர் தோட்டத்தையே பிடித்துக்கொள்ளலாகாது. அரசிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு.

முதலாவது, உடைமைக்குப் பாதுகாப்பு. 2009க்குப் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோதிலும் பலர் இன்னும் காத்திருக்கின்றனர். வேறொருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டால் காணியை உரிமைகோர இடமளிக்கும் ஆட்சியுரிமைச் சட்டமும் இடம்பெயர்ந்தோரை அச்சுறுத்தியது. யுத்த காலத்தில் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. ஆனால் அது தந்த சலுகைக்குக் கால எல்லை இருந்தது. ஆகவே தம் காணியில் பிறர் இருப்பதை அறிந்தோர் தாமதியாது சட்ட உதவி ஆணைக்குழுவின் ஆலோசனையைப் பெறுவது நன்று.

இரண்டாவது, முன்னறிவித்தல். வெங்காயம், உருளைக்கிழங்கு மீதான இறக்குமதி வரி ஒரு வர்த்தமானி அறிவித்தலால் திடீரென மாற்றப்பட்டு வந்துள்ளது. நடுகைக்கு முன் அறிவித்தால் விவசாயி கணக்குப் பார்த்து நடுவான். அறுவடை நேரத்தில் மாற்றினால் கடனாளியாவான்.

மூன்றாவது, குளம், வீதி, களஞ்சியம் போன்றவை. இவற்றைத் தனியொரு குடும்பத்தால் அமைக்க முடியாது.

நான்காவது, விழுந்தவரைத் தூக்கும் உதவி. நிவாரணம் அவசியமே. ஆனால் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிறுத்தி வைக்கும் நிவாரணம், தீர்மானிக்கும் பழக்கத்தையே மறக்கச் செய்துவிடும்.

அந்த முதியவரிடம் உறுதிப் பத்திரம் பற்றிக் கேட்டேன். பெட்டியிலிருந்து பழைய பொலித்தீன் உறையொன்றை எடுத்தார். மூன்று இடப்பெயர்வுகளிலும் அதை அவர் கைவிடவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் எவரும் அதை வாசித்துப் பார்த்ததில்லை. அன்று மூத்த பேத்தி அதை வாசிக்க, அவர் எல்லைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்.

கலந்துரையாடுவோம்

1. நம் குடும்பம் இழந்தவற்றுள், பிறர் தீர்மானத்தால் இழந்தவை எவை?

2. காணி உறுதி, அனுமதிப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகள் நம்மிடம் உள்ளனவா? பிள்ளைகளுக்குக் காணியின் எல்லைகள் தெரியுமா?

3. நம் சங்கம் அரசிடம் முதலில் கேட்க வேண்டியது எது? நாமே செய்யக்கூடியது எது?