ஒரே ஒரு வெடி

கடையம் பக்கம், ராமநதி அணைக்குக் கீழே என் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. நிலக்கடலை பிடிக்கும் சமயத்தில் மலையிலிருந்து பன்றிகள் இறங்கும். பெரியப்பா பரணில் காவல் கிடப்பார். உரிமம் வாங்கிய துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. பன்றியைச் சுட மாட்டார். ரவை போடாமல் மருந்தை மட்டும் கெட்டித்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வரும்போது பன்றிகள் ஓடையைத் தாண்டியிருக்கும்.

அந்தத் துப்பாக்கிக்கு மருந்து போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். துப்பாக்கிக் கட்டையைத் தரையில் ஊன்றி, குழலின் வாயை முகத்துக்கு நேரே வராமல் சாய்த்துக்கொள்வார். அளவுக் குப்பியில் கருமருந்தை அளந்து வாய்க்குள் கொட்டுவார். அதன்மேல் ஒரு பிடி தேங்காய் நார். பிறகு நீளக் கம்பியை விட்டு இரண்டு இடி. கம்பியை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, வைத்ததை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். கம்பியைக் குழலுக்குள் மறந்துவிட்டுச் சுட்டால் அதுவே அம்பாகப் பாயும். “எலே, மருந்து மொதல்ல, ரவை பொறவு. மாத்திப் போட்டா வெடிக்காது பாத்துக்கோ” என்பார். அந்த வகைத் துப்பாக்கியின் பாடம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

இன்றைய துப்பாக்கிகளில் மருந்து, குண்டு, பற்றவைக்கும் பொருள் மூன்றும் ஒரே தோட்டாவுக்குள் இருக்கின்றன. தோட்டாவைப் பின்பக்கமாகப் போட்டால் போதும். பெரியப்பாவிடம் இருந்ததைப் போன்ற வாய்வழித் துப்பாக்கியில் மூன்றும் தனித்தனி. சுடுகிறவரே ஒவ்வொரு முறையும் குழலுக்குள் வைத்து ஒரு தோட்டாவைக் கட்டுகிறார் என்று சொல்லலாம். நம் ஊரில் இதை நாட்டுத் துப்பாக்கி என்போம். உரிமப் புத்தகத்தில் ஒற்றைக் குழலானால் ‘எஸ்.பி.எம்.எல்.’ (சிங்கிள் பேரல் மஸில் லோடர்) என்று எழுதியிருக்கும்.

உள்ளே போன மருந்துக்கு வெளியிலிருந்து எப்படி நெருப்பு வைப்பது? இந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் நானூறு வருடம் விடை தேடியிருக்கிறார்கள். முதல் விடை திரி. கனன்றுகொண்டிருக்கும் கயிற்றை விசை இழுத்து, குழலின் பக்கத்துத் துளையில் தூவிய மருந்தின்மேல் இறக்கும். மழை பெய்தால் அவ்வளவுதான். அடுத்து வந்தது சிக்கிமுக்கிக் கல். 1807-இல் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், அடித்தாலே தீப்பிடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். சில ஆண்டுகளில் அது சின்னச் செம்புத் தொப்பியாக மாறியது. நாம் ‘கேப்’ என்பது அதைத்தான். குழலின் அடியில் துருத்தி நிற்கும் காம்பில் கேப்பை மாட்டி, விசையை இழுத்தால் குதிரை என்னும் சுத்தி வந்து அடிக்கும். பொறி காம்பின் துளை வழியே உள்ளே பாயும்.

கருமருந்தில் வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றே பொருள்கள். எரியும்போது அதில் பாதிக்கும் குறைவான எடைதான் வாயுவாகி ரவையைத் தள்ளுகிறது. மீதி திடத் துகளாக நிற்கிறது. வெடித்ததும் வெள்ளை வெளேரென்று எழும் புகை அதுதான். குழலுக்குள் ஒட்டும் கரியும் அதுதான். அந்தக் கரி காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவேற்றிவிடும். சாரல் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணுக்கும் அந்தப் புகைக்கும் பழைய உறவு உண்டு. 1755-இல் கம்பெனிப் படையின் கர்னல் ஹெரான் பீரங்கிகளோடு பூலித்தேவரின் நெற்கட்டும்செவலுக்கு வந்தபோது இரண்டு தரப்பிலும் இருந்த துப்பாக்கிகள் வாயில் மருந்து போடுபவையே. பாளையக்காரர் படையில் திரித் துப்பாக்கிகள் இருந்தன. நீண்ட ஈட்டிகளும் இருந்தன. ஒருமுறை சுட்டவன் மறுபடி மருந்து போட்டுக் கெட்டிக்கும் இடைவெளி ஈட்டிக்காரனுக்குக் கிடைக்கும் நேரம். 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும், அந்த டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களின் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிப் பிரகடனம் வெளியிட்டார். 1857-இல் சிப்பாய்கள் பல்லால் கடிக்க மறுத்த கொழுப்புத் தோட்டாவும் வாய்வழித் துப்பாக்கிக்கு உரியதே. காகித உறையைக் கடித்துக் கிழித்து, மருந்தை என்ஃபீல்டு ரைஃபிளின் வாயில் கொட்ட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த அந்தப் பாடத்துக்குப் பின்னால் இருந்த இயந்திரம் இதுதான்.

இன்றும் இந்தத் துப்பாக்கிக்குச் சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கி கேட்பவரைத் தனியாகக் குறிப்பிடுகிறது. ஆனால் உரிமம் இல்லாமல் ஒருநாள்கூட வைத்திருக்கக் கூடாது. தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடந்தால், அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் இருந்தாலும் காட்டு விலங்கைச் சுடும் உரிமை அதனோடு வராது. கடையத்துக்கு மேற்கே இருப்பது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பன்றிக்கும் மிளாவுக்கும் பொருந்தும்.

அப்படியானால் இதை எதற்குக் கற்றுக்கொள்வது? குறி பார்க்கத்தான். உலகின் பல நாடுகளில் வாய்வழித் துப்பாக்கி இப்போது விளையாட்டாகவே வாழ்கிறது. அதற்கான உலகப் போட்டிகள் 1971 முதல் நடக்கின்றன. அரை மணி நேரத்தில் 13 வெடி. சிறந்த 10 மட்டும் கணக்கில் வரும். ஒரு வெடிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. அவசரக்காரருக்கு இங்கே வேலையில்லை. பக்கத்துக் குடகில் கைல்போத் திருநாளன்று தேங்காயைக் குறிவைத்துச் சுடுவது இன்றும் வழக்கம்.

ஐம்பது, அறுபது தாண்டியவர்கள் இதில் கால் வைக்கத் தயங்க வேண்டாம். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில் பேத்தியைப் பயிற்சிக்குக் கூட்டிப்போன சந்த்ரோ தோமர், அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டார். தண்ணீர்ச் செம்பைக் கை நீட்டிப் பிடித்தே கையை உறுதியாக்கினார். பதக்கங்கள் வாங்கி, 2021-இல் மறையும்வரை ஊரெல்லாம் பெண் பிள்ளைகளைத் துப்பாக்கி பழகச் சொன்னார்.

கண் மங்கிவிட்டதே என்று கேட்பீர்கள். நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் இறுகி, பக்கத்துப் பொருள் கலங்கும். அதனால்தான் பேப்பரைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறோம். குறி பார்க்கும்போது கண் நிலைக்க வேண்டியது குழலின் நுனியில் உள்ள முன்குறியில். இலக்கு கொஞ்சம் கலங்கித் தெரிந்தால் தப்பில்லை. வாய்வழித் துப்பாக்கியின் குழல் நீளமானது. முன்குறி பேப்பரைத் தள்ளிப் பிடிக்கும் தூரத்துக்கும் அப்பால் நிற்கிறது. வயதான கண்ணுக்கு அது வசதியான தூரம்.

செலவு குறைவாகத் தொடங்க ஒரு வழி உண்டு: முதலில் துப்பாக்கியே வாங்காதீர்கள். மாவட்டத்தில் எங்கே ரைஃபிள் கிளப் இருக்கிறது என்று விசாரித்துச் சேருங்கள். கிளப்பின் ஏர் ரைஃபிளில் 10 மீட்டர் பழகுங்கள். அங்கே நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். வீட்டில் பழக வேண்டுமென்றால், 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு, 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. பின்னால் உறுதியான சுவர் இருக்க வேண்டும். குறுக்கே யாரும் வரக் கூடாது. மூச்சை அடக்குவது, விசையை மெல்ல இழுப்பது, வெடித்த பின்னும் அசையாமல் நிற்பது ஆகிய மூன்றும் அதிலேயே வந்துவிடும். வாய்வழித் துப்பாக்கிக்கு மூன்றாவதுதான் உயிர். குதிரை விழுந்து பொறி உள்ளே போய் மருந்து பற்ற ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் தோள் அசைந்தால் குறி போச்சு.

உரிமத்தோடு ஒன்று கைக்கு வந்தபின் மாறாத சில விதிகள் உண்டு. கருமருந்து தவிர வேறு மருந்து போடக் கூடாது. தோட்டாவைப் பிரித்தெடுத்த மருந்தைப் போட்டால் குழலே வெடிக்கும். மருந்தை உரிமம் பெற்ற கடையில்தான் வாங்க வேண்டும். வீட்டில் தயாரிப்பது குற்றம், அதில் கை போனவர்கள் உண்டு. ஒரே குழலில் இரண்டு முறை மருந்து கொட்டிவிடாதபடி கம்பியில் அளவுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேப் அடித்தும் வெடிக்கவில்லையென்றால் குழலை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு ஒரு நிமிடமாவது காத்திருங்கள். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி. சுட்டு முடித்த அன்றே வெந்நீரில் சோப்புக் கலந்து கழுவி, துடைத்து, எண்ணெய் போடுங்கள்.

பெரியப்பா கடைசிக் காலத்தில் உரிமத்தைப் புதுப்பிக்காமல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். ஒப்படைக்கப் போன காலையில் வெந்நீர் வைத்து, கடைசியாக ஒருமுறை குழலைக் கழுவினார். கறுத்த தண்ணீர் தெளியும்வரை கம்பியில் துணி சுற்றி இழுத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற என்னிடம் “தண்ணி தெளிஞ்சாச்சா பாரு” என்றார். தெளிந்திருந்தது.