வீட்டு வாசலில் துருப்பிடிக்கும் ‘ஜிம்’! - திட்டக்குடியில் ஒரு சைக்கிள் கணக்கு

திட்டக்குடியில் குடியிருக்கும் சாமியே ஒரு வைத்தியர்தான். வெள்ளாற்றங்கரையில் இருக்கும் பழைய சிவன் கோயிலில் மூலவரின் பெயர் வைத்தியநாத சுவாமி. சாமி வைத்தியராக இருக்கும் ஊரிலும் சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் மருந்துக்கடைக்குப் போகாத தெரு இல்லை. இது திட்டக்குடியின் கதை மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஒரு ஷேர் ஆட்டோவில், ஒருவர் பையில் மாத்திரை அட்டை இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை இருக்கும் அதே வீடுகள் பலவற்றில் இன்னொன்றும் இருக்கிறது. கவர்ன்மென்ட் சைக்கிள்!

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு 2001-02-ல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. அரசுப் பள்ளிகளை நம்பிப் படிக்கும் திட்டக்குடி போன்ற வட்டாரத்தில் அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று இரண்டு சைக்கிள் நிற்கும் வீடுகளும் உண்டு.

பிள்ளைகள் பிளஸ் டூ முடிக்கும் வரைதான் அதற்கு மரியாதை. கல்லூரிக்கு பஸ் வந்துவிடும், அப்பா தவணையில் டூவீலர் எடுத்துவிடுவார். சைக்கிள் மாட்டுக்கொட்டகை ஓரம் சாத்தப்படும். ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு காயும். கேரியரில் கோழி ஏறி உட்காரும். மழைக்கு இரண்டு மாதம் நனைந்தால் செயின் துருவேறி இறுகிவிடும். அப்புறம் ஒருநாள் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறும்.

25 நிமிடம்... ஆறு நாள்

சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு ஆகியவற்றைத் தள்ளிவைக்க ஒருவர் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமாக உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘மிதமாக’ என்றால், மூச்சு வாங்க வேண்டும். ஆனால் பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட முடிந்தால் வேகம் போதாது என்று அர்த்தம்.

இந்த 150 நிமிடத்தைக் கேட்டதும் எல்லோரும் சொல்லும் பதில், ‘நேரம் எங்கே இருக்கு?’

மூன்று கிலோமீட்டர் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறிக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி, பஸ் ஏறும் இடம், வயல்... ஒரு சராசரி வீட்டின் அன்றாட வேலைகள் இதற்குள் அடங்கிவிடும். மணிக்கு 15 கி.மீ என்பது சைக்கிளில் அவசரமே இல்லாத வேகம். அந்த வேகத்தில் மூன்று கி.மீ போக 12 நிமிடம். போய் வர, வழியில் தெரிந்தவருக்குத் தலையாட்டும் நேரத்தையும் சேர்த்தால், 25 நிமிடம். வாரத்தில் ஆறு நாள் போனால், 25 x 6 = 150. உலக சுகாதார நிறுவனம் கேட்டது முடிந்துவிட்டது, காய்கறியும் வீட்டுக்கு வந்துவிட்டது! டூவீலரில் போயிருந்தால் மிச்சமாகியிருக்கும் நேரம் பத்து, பதினைந்து நிமிடம்தான். அந்த நேரத்தில் பெரும்பாலும் செல்போனைத்தான் பார்த்திருப்போம்.

ஜனவரி 1 அன்று வாங்கிய வாக்கிங் ஷூ பொங்கலுக்குள் அலமாரிக்குப் போய்விடுவதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமல்ல. உடற்பயிற்சி தனி வேலையாக இருக்கும்வரை, வீட்டில் வேறு வேலை வந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். கடைக்குப் போவதை யாரும் வெட்ட முடியாது.

வேலையோடு ஒட்டிய உடல் அசைவுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை உலகத்துக்கு முதலில் காட்டியது ஒரு பஸ். லண்டனின் மாடி பஸ்களில் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, டாக்டர் ஜெரமி மோரிஸ் குழுவினர் 1953-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இருவருக்கும் ஒரே பஸ், ஒரே புகை, ஒரே மாதிரி குடும்பச் சூழல். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட ஒரு நாளைக்குச் சுமார் 600 படிகள் ஏறுவார். மாரடைப்பு டிரைவர்களுக்கே அதிகம் வந்தது. கண்டக்டர்கள் யாரும் ஜிம்முக்குப் போனவர்கள் அல்ல. டிக்கெட் போட்டார்கள், அவ்வளவுதான்.

சைக்கிளுக்கே தனியாகவும் ஆதாரம் உண்டு. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. காரிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போனவர்களைவிட, சைக்கிளில் போனவர்களுக்கு அந்தக் காலத்துக்குள் இறக்கும் ஆபத்து 41 சதவிகிதம் குறைவாக இருந்தது. சைக்கிள் ஓட்டுபவர்கள் வேறு வகையிலும் ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம். அதனால் முழுப் பெருமையையும் பெடலுக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் சின்ன எண் அல்ல அது.

புதுக்கோட்டை அம்மாக்கள்

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். சைக்கிளை யார் ஓட்டுவது? மகன் ஓட்டுவான், அப்பா ஓட்டுவார். அம்மா?

அம்மாவுக்குத்தான் அது அதிகம் தேவை. 2024-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வின்படி, இந்தியாவில் போதிய உடல் உழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவிகிதம். பெண்கள் 57 சதவிகிதம். வீட்டு வேலை செய்யும் பெண்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். கோபம் நியாயமானது. நாள் முழுக்க நின்றபடி இடுப்பு ஒடிய வேலை செய்வதும், இதயத்துடிப்பு கூடும்படி அரை மணி நேரம் தொடர்ந்து இயங்குவதும் ஒன்றல்ல. முதலாவதில் அலுப்பு மிஞ்சும், இரண்டாவதில்தான் இதயத்துக்குப் பயிற்சி. இரண்டாவதுக்கு வீட்டுப் பெண்களுக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை என்பதே விஷயம்.

‘இந்த வயசுல சைக்கிளா? ஊர் என்ன சொல்லும்?’ என்பவர்களுக்குப் பதில் 30 வருஷத்துக்கு முன்பே புதுக்கோட்டையில் கிடைத்துவிட்டது. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுத்தரக் கிராமம் கிராமமாகப் போக வேண்டிய பெண் தொண்டர்களுக்கு பஸ்ஸை நம்பி வேலை ஓடாது என்பதால், சைக்கிள் ஓட்டுவதையும் பாடத்தோடு சேர்த்தார்கள். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த மாவட்டத்தில் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றவர்கள் ஏராளம். பார் கம்பி தடையாகத் தெரியவில்லையா என்றால், குழந்தையை உட்காரவைக்க அது வசதி என்றார்களாம்! பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை விரிவாக எழுதி, நாடு முழுக்கத் தெரியவைத்தார்.

கேலி பேசியவர்கள் அங்கேயும் இருந்தார்கள். ஆனால் ஒரு தெருவில் பத்துப் பெண்கள் ஓட்டத் தொடங்கிய பிறகு யாரைப் பார்த்துக் கேலி பேசுவது? அந்தப் பெண்கள் யாரும் சர்க்கரையைக் குறைக்க சைக்கிள் ஏறவில்லை. தண்ணீர் கொண்டுவர, சந்தைக்குப் போக, பஸ்ஸுக்குக் காத்திராமல் இருக்க ஏறினார்கள். பழக்கம் நிலைத்ததற்கு அதுவே காரணம்.

எடை மெஷினை நம்பி ஏமாற வேண்டாம்

சைக்கிளோ நடையோ, ஒரு மாதம் செய்துவிட்டு எடை மெஷினில் ஏறி, முள் அசையவில்லை என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு சென்னையில் நடந்தது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவைத் திருத்தி, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லப்பட்டவர்களில் அது 39 சதவிகிதமாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை!

அந்த ஆய்வில் ஒரு சின்ன விவரம் உண்டு. ஏற்கெனவே தினமும் அரை மணி நேரம் நடந்தோ, சைக்கிளிலோ போய்வந்தவர்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லவில்லை. செய்வதைத் தொடரச் சொன்னார்கள்.

எடை குறையாமல் சர்க்கரை எப்படிக் குறைகிறது? உடலில் சர்க்கரையை அதிகம் செலவழிப்பது தசைகள். பெடல் மிதிக்கும்போது வேலை செய்வது உடலிலேயே பெரிய தசைகளான தொடையும் புட்டமும். வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வண்டியை நிறுத்தி சில மணி நேரம் ஆன பிறகும் அந்த இழுப்பு தொடரும். சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைவது இதனால்தான்.

கம்பங்கூழுக்கும் அளவு உண்டு

ஆற்றுப்பாசனப் பக்கம் நெல், கரும்பு. மங்களூர் ஒன்றியத்து மேட்டுக்காட்டில் மக்காச்சோளம், பருத்தி. திட்டக்குடி வட்டாரத்தின் இன்றைய வெள்ளாமை இது. கம்பும் கேழ்வரகும் வரகும் வயலைவிட மளிகைக்கடை பாக்கெட்டில்தான் அதிகம் தென்படுகின்றன. சிறுதானியத்துக்கு மறுபடி மவுசு வந்திருப்பது நல்லதுதான். ஆனால் கொஞ்சம் மிகையாகவும் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தியர்களின் உணவில் 62 சதவிகித ஆற்றல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு கோதுமையோ சிறுதானியமோ வைப்பதால் மட்டும் சர்க்கரை ஆபத்து குறைவதில்லை. மாவின் மொத்த அளவைக் குறைத்து, பருப்பு, பால் பொருள் போன்ற புரதத்தைக் கூட்டும்போதுதான் குறைகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அதாவது, இரண்டு தட்டுச் சோற்றுக்குப் பதில் இரண்டு உருண்டைக் களி என்பது தீர்வாகாது. ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கரண்டிக் கீரைக்கூட்டு, ஒரு கைப்பிடிச் சுண்டல், ஒரு முட்டை வைத்தால் வேலை நடக்கும்.

டீக்கடைக் கணக்கும் இருக்கிறது. ஒரு ஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நான்கு டீ என்றால் 32 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘சர்க்கரை கம்மியா’ என்று சொல்லக் கூச்சப்பட்டால் அந்தக் கணக்கு இறங்காது. அரை மணி நேரம் நிதானமாக சைக்கிள் மிதித்துச் செலவழித்ததை இரண்டு வடை திருப்பிக் கொடுத்துவிடும் என்பதையும் டீக்கடை பெஞ்சில் நினைத்துக்கொள்ளலாம்.

சாத்தி வைத்ததை எப்படி எடுப்பது?

சைக்கிள் கடையில் விட்டால் பெரும்பாலும் ஒரு நாள் வேலைதான். டயரும் டியூபும் வெடிப்பு விட்டிருந்தால் மாற்ற வேண்டும். பிரேக் கட்டை கட்டாயம் மாற்ற வேண்டும். செயினை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் போட்டால் பாதி கனம் போய்விடும். காற்று கல் மாதிரி இருக்கட்டும். காற்றில்லாத சக்கரம்தான் ‘சைக்கிள் மிதிக்க முடியலை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம்.

இன்னொரு காரணம் சீட். நம் ஊரில் பயத்தினால் சீட்டைத் தாழ்த்தி வைத்து, முழங்கால் நெஞ்சில் இடிக்க ஓட்டுவார்கள். மூட்டுவலி அப்படித்தான் வருகிறது. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம்.

விருத்தாசலத்திலிருந்து திட்டக்குடி வழியாகத் தொழுதூர் போகும் சாலையில் லாரியும் பஸ்ஸும் பறக்கும். புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். உள்தெருக்களும், கிராமச் சாலைகளும், ஏரிக்கரைகளும் இருக்கின்றன. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லாமல் இருட்டில் இறங்கவே கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாமல், சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்வது நல்லது. பாதம் மரத்துப்போயிருந்தால் செருப்பைவிட ஷூதான் பாதுகாப்பு.

ஓட்டத் தெரியாத அம்மாக்களுக்குப் பள்ளி மைதானமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் போதும். இங்கே மட்டும் சீட் விதி தலைகீழ்: இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றும்படி தாழ்த்திவிட வேண்டும். முதல் நாள் பெடலே வேண்டாம். காலால் உந்தி உந்தி உருட்டினால் பேலன்ஸ் வரும். பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, குரங்குப் பெடல் காலத்தில் அண்ணன்கள் செய்த வேலையை, மகள் செய்யலாம். சைக்கிளும் அவளுடையதுதானே. பேலன்ஸ் வந்த பிறகு வாரத்துக்கு ஒரு விரற்கடை அளவு சீட்டை உயர்த்திக்கொண்டே போகலாம். அதற்கு ஒரு ஸ்பேனர் போதும்.